ரப்பர் என்ன குற்றம் செய்தது?

"ரப்பர் சரியில்லை, ஸார்! இப்போது வருகிற சரக்கே அப்படித்தான்."

பழைய மோட்டார் கார் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைக் கேட்காமல் காலம் தள்ளியவர் தமிழ்நாட்டில் எவரேனும் உண்டா? இருந்தால், அவர் காரை ஓட்டுவதில்லை, கொட்டகையில் நிறுத்தி வைத்துப் பூஜை செய்கிறார் என்று பொருள். ஓட்டுகிற நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே 'டக் டக்' சத்தத்தோடு அதே பட்டறை வாசலில் போய் நின்றிருக்கிறோம். அப்போதும் ரப்பர்தான் குற்றவாளி. ரோடு சரியில்லை, ரப்பர் சரியில்லை, காலம் சரியில்லை என்ற மூன்று வாக்கியங்களைக் கைவசம் வைத்திருப்பவன் நம் நாட்டில் எந்தக் காரியத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

நான் இன்று ரப்பரின் பக்கம் பேசப் போகிறேன். வாய் இல்லாத வஸ்து. அதற்காக யாராவது வக்காலத்து வாங்கித்தான் ஆகவேண்டும். கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் பட்டறையில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பிளஸ் டூ பௌதிகத்தோடு என் விஞ்ஞானப் படிப்பு முடிந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்துக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டாம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார், எனக்கே புரிந்தது. உங்களுக்கு நிச்சயம் புரியும்.

என் சிநேகிதர் ஒருவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அந்த வண்டியின் ஜாதகம் கொஞ்சம் சுவையானது. இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் 1959-ல் வெளிவந்த கார் அது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து அதை நம்மவர்களே செய்தார்கள். அதே ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்து, அதைக் குட்டையாக்கி, 1962-ல் இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதற்கு ஸ்பிட்ஃபயர் என்று பெயர். முன் சக்கரங்களைத் தாங்கும் கைகள் அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே சாயல். ஹெரால்டின் கூரையோ போல்டுகளால் பூட்டப்பட்டது. வேண்டுமானால் கழற்றி எடுத்துவிடலாம். என் சிநேகிதர் கழற்றி எடுத்துவிட்டார். சிவப்பு வர்ணம் அடித்தார். "என் ஸ்போர்ட்ஸ் கார்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஊரில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வர்ணத்துக்கு அவர் செலவழித்தது 70,000 ரூபாய். அதைச் சந்தோஷமாகச் செலவழித்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தொகையைச் சொல்லி மகிழ்ந்தார். முன் சக்கரத்துப் புஷ்ஷுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை செலவழித்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தார்.

புஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. பட்டறையில் அதை ஆர்ம் என்பார்கள். பள்ளம் மேடுகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது இந்தக் கையும் ஏறி இறங்க வேண்டும். அதன் மறு முனை காரின் சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டுவாயில் இரும்போடு இரும்பு உரசாமல், அதிர்ச்சி மேலே ஏறாமல், நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் புஷ். கட்டை விரல் பருமன் இருக்கும். உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய். அதைச் சுற்றி ரப்பர். உள்குழாயைப் போல்ட் இறுக்கிக் கவ்விக்கொள்ளும்; அது அசையாது. வெளிப்பக்கம் கையோடு ஆடும். ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் நடுவில் இருக்கிற ரப்பர் ஒருமுறை முறுக்கிக்கொண்டு, பிறகு முறுக்கு அவிழ்ந்து பழைய நிலைக்கு வருகிறது. அது சுழல்வதில்லை, முறுக்கிக் கொடுப்பதே அதன் தொழில். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை எல்லாம் இதில்தான் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை இந்தச் சிவப்பு வண்டியில் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டிய ஊர் அது. கோட்டை மறைந்துவிட்டது, அவர்களுடைய கல்லறைகள் மட்டும் செதுக்கு வேலைகளோடு நிற்கின்றன. ஒரு நாவலுக்காக நான் அவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வந்ததும் என் சிநேகிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. யுத்த காலத்து விமானத் தளத்தில் 1950-களிலிருந்து 1980-கள் வரை மோட்டார் பந்தயங்கள் நடந்த ஊர் அல்லவா? அந்த ஞாபகார்த்தமாக ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். முன் பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. "மறுபடியுமா?" என்றேன். "ரப்பர் சரியில்லை" என்றார் அவர்.

பொன்னேரியைத் தாண்டி ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நிற்பதற்குப் பதிலாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஓரத்தில் ஓர் அம்மாள் தலையில் அன்னக்கூடையோடு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். மீன் விற்கப் போகிறவள். வண்டி நின்றபோது அவளுக்கும் எங்கள் விளக்குக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அவள் கூடையைக் கீழே போடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தாள்.

"இன்னாப்பா, ரோட்டுல ஓட்டுறியா, என் மேல ஓட்டுறியா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு நடந்தாள். எங்களுக்கு வாய் திறக்கவில்லை. ரப்பர் சரியில்லை என்று அவளிடம் சொல்ல முடியுமா?

புஷ் என்பது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் குலுங்கினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். புஷ் கிழிந்தால் கை தன் இடத்தில் நிற்காது. கை நிற்காவிட்டால் சக்கரம் தன் திசையில் நிற்காது. பிரேக் போடுகிற சமயத்தில்தான் அந்தக் குற்றம் பெரிதாகிறது. அந்தச் சமயத்தில் ஓரமாக நடந்து போகிறவர் யாராயிருந்தாலும், அவருக்கும் நம் காருக்கும் நடுவே இருப்பது இந்தக் கட்டை விரல் பருமன் ரப்பர்தான்.

ஊர்ந்துகொண்டே பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையில் விசாரித்தபோது ஒருவரைக் காட்டினார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊர் பசியாவரம், ஏரிக்குள் இருக்கும் மீனவர் கிராமம். நாங்கள் போனபோது அங்கே படகில்தான் போக வேண்டியிருந்தது. மோட்டார் காருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சந்தேகம். அவர் இளமையில் பல வருஷம் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இஞ்சின் வேலை பார்த்தவராம். "இன்னிக்கு நம்ம பாடு இல்ல சார், பாக்கிறேன்" என்றார். ஏரியில் இடமும் நாளும் முறை வைத்து மீன் பிடிப்பதை அந்தப் பக்கம் 'பாடு' என்கிறார்கள். முறை இல்லாத நாள் என்பதால் எங்களுக்கு அவர் கிடைத்தார்.

ஒரு கம்பியை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். கை ஒரு விரற்கடை நகர்ந்து 'டக்' என்றது. "புஷ் போயிருக்குது சார். மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

"நாலு மாசம்" என்றார் சிநேகிதர்.

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் டிக்கியில் புதுப் புஷ் இரண்டு இருந்தன. ரப்பர் சரியில்லை என்று தீர்மானமாகிவிட்டபடியால் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்திருந்தார். போல்ட் மட்டும் உள்குழாயோடு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கடற்கரைப் பக்கத்து வண்டிகளுக்கு இது வழக்கமான வியாதி. டீசலை ஊற்றி ஊற வைத்துப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் ஹாக்ஸா பிளேடால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. போல்டின் அளவையும், சாதாரண போல்ட் வாங்கக்கூடாது என்பதையும் சொல்லிச் சிநேகிதரைப் பொன்னேரிக்கு பஸ்ஸில் அனுப்பினார். "வைஸ் ஊர்ல கீது சார். நீங்க வரீங்களா?" என்று என்னைக் கேட்டார். காரின் கையைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் பசியாவரத்துக்குப் படகில் போனேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு மரக்கட்டையில் வைஸ் பூட்டியிருந்தது. கைக்கு அளவான குழாய்த் துண்டு ஒன்றை ஒரு பக்கமும், சின்ன சாக்கெட் ஒன்றை மறு பக்கமும் கொடுத்து, வைஸை மெதுவாகத் திருகினார். பழைய புஷ் பிதுங்கி வெளியே வந்தது. நெருப்பு வைத்துக் கொளுத்தவில்லை, சுத்தியால் அடிக்கவில்லை. வந்ததை என் கையில் கொடுத்தார்.

"பாருங்க சார். ஒரு பக்கமாவே கிழிஞ்சிருக்குது. தேஞ்சிருந்தா சுத்திலும் தேஞ்சிருக்கும். இது தேயல. முறுக்கியே வெச்சிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர் புதுப் புஷ்ஷை எடுத்தார். அதைச் சுலபமாக நுழைக்க எண்ணெய் வேண்டுமா என்று நான் கேட்டேன். "எண்ணெ பட்டா ரப்பரு ஊதிப் போயிடும் சார்" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து துணி சோப்புத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். அவர் சம்சாரம் கொண்டு வந்தார். "காருக்குக் குளிப்பாட்டா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். சோப்பு நீரில் நனைந்த ரப்பர் வைஸின் இறுக்கத்தில் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

கரைக்குத் திரும்பினோம். போல்டும் வந்து சேர்ந்திருந்தது. கையைப் பொருத்தினார், போல்டைக் கோத்தார், நட்டைக் கையால் திருகி அப்படியே விட்டுவிட்டார். சக்கரத்தை மாட்டினார். ஜாக்கியை இறக்கினார். வண்டியை முன்னும் பின்னும் நாலு முறை தள்ளச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "ஏறி உக்காருங்க சார்" என்றார்.

"வேலை முடிந்ததா?" என்றார் சிநேகிதர்.

"இன்னும் இறுக்கலயே. நீங்க உக்காந்தாத்தான் இறுக்கணும்."

ஹெரால்டின் முன் மூடி முழுதாக முன்னே சாய்ந்து எழுந்து நிற்கும். ஆகையால் சக்கரம் தரையில் இருக்கும்போதே கையை உள்ளே விட்டு வேலை செய்ய இடம் உண்டு. நாங்கள் இருவரும் மாப்பிள்ளைகள் மாதிரி வண்டியில் உட்கார்ந்திருக்க, அவர் அப்போதுதான் ஸ்பானரை எடுத்து நட்டுகளை முழுதாக இறுக்கினார். ஏன் என்று கேட்டேன். அவர் படகைக் கொண்டு விளக்கினார். விசைப்படகில் இஞ்சினையும் விசிறித் தண்டையும் கரையில் வைத்து எவ்வளவு நேராகப் பூட்டினாலும் அது கணக்கில் சேராதாம். படகு தண்ணீரில் இறங்கி மிதந்த பிறகு மறுபடி பார்த்துத்தான் கடைசியாக இறுக்க வேண்டுமாம். "கரையில நிக்கிற படகு வேற சார், தண்ணியில கீற படகு வேற. பாரம் ஏறினாத்தான் அதோட ஷேப்பு தெரியும். இதுவும் அதே மாதிரிதானே?"

அதே மாதிரிதான்! வண்டியை ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்குகிறது. சக்கரம் தொங்கும்போது கையும் கீழே சரிந்து தொங்குகிறது. அந்த நிலையில் போல்டை இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. பிறகு வண்டியைத் தரையில் இறக்குகிறோம். பாரம் ஏறுகிறது, கை மேலே வருகிறது, உள்குழாய் அசையாது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி ஓரிடத்தில் சும்மா நிற்கும்போதுகூட அது முறுக்கியபடியே நிற்கிறது. இன்னும் ஒரு பள்ளத்தையும் அது பார்க்கவில்லை. அதற்குள் அதன் சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு ஒருவனை மூட்டை தூக்கச் சொன்னால் எத்தனை நாள் தூக்குவான்? முதல் பெரிய பள்ளத்தில் அந்தப் பக்கமாகவே ரப்பர் கிழிகிறது. பாரத்தோடு இறுக்கினால் முறுக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ரப்பர் தன் ஆயுளை முழுதாக வாழ்கிறது.

இது பசியாவரத்து ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் செய்கிறவர்கள் பட்டறைகளுக்காக அச்சிடும் புத்தகங்களில், இந்த மாதிரிப் புஷ் உள்ள இடங்களில், வண்டி தன் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது கடைசி இறுக்கு என்று எழுதியே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அதன்படி செய்கிறவரை நான் பழவேற்காட்டில் பார்த்தேன். சிநேகிதரின் வண்டிக்கு இரண்டு தடவை புஷ் மாற்றிய நகரத்துப் பட்டறையில், வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, வேலையை ஆரம்பித்து, அங்கேயே இறுக்கி முடித்து, இறக்கிச் சாவியைக் கொடுத்தார்கள். நானே ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போது எனக்குத் தெரியாது.

இந்தக் குறைக்கு நம் பட்டறைக்காரர்களும் அறிவாளிகளும் மூன்று பரிகாரம் சொல்கிறார்கள். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் கட்சி, "கெட்டியாகப் போடு" என்கிற கட்சி. ரப்பரை எறிந்துவிட்டு பாலியூரித்தேன் என்ற கடினமான வஸ்துவில் செய்த புஷ்ஷைப் போடச் சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான் கௌரவம் என்று பேச்சு. பந்தயத்துக்காக என்றால் நான் வாதாடவில்லை. சமமான தரையில் சில மணி நேரம் ஓடி, நிமிஷத்தின் பின்னத்துக்காகப் போராடுகிறவனுக்குக் கெட்டியான புஷ் நியாயம். அந்த வஸ்து நீடித்து உழைக்கும் என்பதும் மெய்யே. அது ரப்பர் மாதிரி முறுக்கிக் கொடுப்பதில்லை. குழாயைச் சுற்றிச் சுழல்கிறது. ஆகவே அதைத் தொங்கவிட்டு இறுக்கினாலும் அதற்கு ஒன்றுமில்லை. சில பட்டறைகளுக்கு அதன் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆனால் புஷ் வாங்கிக்கொள்ளாத அடி எங்கே போகும்? சேஸிஸுக்குப் போகும்; அறுபது வருஷத்துத் துருப்பிடித்த இரும்புக்குப் போகும்; பிறகு உங்கள் முதுகெலும்புக்கு வரும். அடி வாங்குகிறவனை நீக்கிவிட்டால் அடி நின்றுவிடும் என்று நினைப்பது நம் பழைய பைத்தியக்காரத்தனங்களில் ஒன்று.

இரண்டாவது கட்சி, "முழுசாக மாற்று" என்கிற கட்சி. இது புதுக் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். "புஷ் தனியாக வராது ஸார், ஆர்ம் செட்டாகத்தான் வரும்." கட்டை விரல் பருமன் ரப்பர் கிழிந்தால் முழங்கை நீள இரும்பைக் குப்பையில் போட வேண்டும். இரும்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது போகவேண்டும். பழைய வண்டிக்காரனுக்கு இந்தப் பேச்சே கிடையாது. ஹெரால்டுக்குப் புதுக் கை செய்து கொடுக்க வண்டலூரில் தொழிற்சாலை இல்லை. அங்கே கார் செய்வது 1988-ல் நின்றுவிட்டது. அவனுக்கு வைஸும், சோப்புத் தண்ணீரும், பொறுமை உள்ள ஒரு மனிதனும்தான் கதி. அந்த மனிதன் இல்லாமல் போகிற அன்று, கை முழுதும் நன்றாக இருக்கும்போதே வண்டி முழுதும் குப்பையாகும்.

மூன்றாவது கட்சி, நான் ஆரம்பத்தில் சொன்ன கட்சி. ரப்பர் மட்டம், டூப்ளிகேட் சரக்கு என்று சாதிக்கிறவர்கள். மட்டமான சரக்கு சந்தையில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கி எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் இவர்களில் எத்தனை பேர்? சத்தம் வந்தால் அதன் மேல் எண்ணெய் விட்டு ஊதிப் போகச் செய்தவர்கள் எத்தனை பேர்? பிணத்தைப் பார்க்காமலே மரண காரணம் எழுதுகிற வைத்தியர்கள் இவர்கள்.

ரப்பரை இவ்வளவு இளக்காரமாகப் பேச நமக்கு, அதிலும் தமிழர்களாகிய நமக்கு, என்ன உரிமை இருக்கிறது? ஒழுகி ஒட்டிக்கொண்டிருந்த பிசினைக் கந்தகத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தும் வழிக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-ல் பேடண்ட் வாங்கினார். பிரேஸில் காட்டு விதைகளை ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876-ல் லண்டனுக்குக் கொண்டு போனார். அதிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போன ஜனங்கள். உலகத்து மோட்டார் கார்கள் குலுங்காமல் ஓட அவர்கள் குலுங்கினார்கள். அடியைத் தான் வாங்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் வஸ்துவைச் 'சரியில்லை' என்று ஒரு வார்த்தையில் தள்ளுவது எனக்கு நாக்கில் கசக்கிறது.

இனி உண்மையான குற்றவாளியைப் பற்றிப் பேச வேண்டும். பட்டறைக்காரன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவனுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அவனை அவசரப்படுத்தியது யார்? தூக்கிய வண்டியை இறக்கி, சக்கரத்தை மாட்டி, முன்னும் பின்னும் தள்ளி, பாரம் ஏற்றி, மறுபடி குனிந்து இறுக்குவதற்கு அவனுக்கு இன்னும் முக்கால் மணி வேண்டும். அந்த முக்கால் மணிக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? பில்லில் புஷ்ஷின் விலையைக் கேட்காமல் கொடுக்கிறோம். "லேபர்" என்று எழுதியிருக்கிற வரியில்தான் நம் விரல் போய் நிற்கிறது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பழவேற்காட்டில் மேஸ்திரி 1,800 ரூபாய் கேட்டார். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலரை வரை வேலை. படகில் இரண்டு நடை. கூட ஒரு பையன். வர்ணத்துக்கு 70,000 ரூபாய் கொடுத்த என் சிநேகிதர், "ஆயிரம் வாங்கிக்கொள்ளுங்கள், மேஸ்திரி. இரண்டு ரப்பர்தானே மாற்றினீர்கள்? அதுவும் எங்கள் ரப்பர்" என்றார். நான் என்ன செய்தேன்? மனித வாழ்வைப் பற்றி அத்தனை நாவல் எழுதியவன், "படகுக்காரருக்கு வேறு நாங்கள் கொடுத்திருக்கிறோமே" என்று சிநேகிதருக்குப் பக்கமேளம் கொட்டினேன். அவர் எங்களோடு வாதாடவில்லை. பையனுக்கு இவ்வளவு, அறுத்த பிளேடுக்கு இவ்வளவு, தன் கூலி இவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். 1,500-க்கு முடிந்தது. பணத்தை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, "பத்து நாள் ஓட்டிட்டு ஒருதரம் நட்டைத் தொட்டுப் பாத்துக்கோங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது வண்டியில் சத்தம் இல்லை. பொன்னேரி வளைவில் சிநேகிதர் வேண்டுமென்றே ஒருமுறை பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி நேராக நின்றது. அந்த இடத்தில் இருவருமே பேசவில்லை. மீன்கூடைக்கார அம்மாளின் கேள்வி எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பேரம் பேசிக் குறைத்த முன்னூறு ரூபாயும் என் கணக்கில் அந்தக் கேள்வியோடு சேர்ந்துகொண்டது. ஏனென்றால் அவளுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது அதே பேரந்தான். நகரத்துப் பட்டறையில் அதே மாதிரி முன்னூறும் ஐந்நூறும் குறைத்து, "சீக்கிரம் முடியப்பா, சாயந்தரம் வண்டி வேண்டும்" என்று சொன்னவர்கள் நாங்கள். அவன் சக்கரம் தொங்கத் தொங்க இறுக்கிக் கொடுத்தான். கேட்டது கிடைத்தது.

அந்தப் புஷ் இன்னும் அந்த வண்டியில் இருக்கிறது. இது நான்காவது வருஷம். ரப்பர் அதே கடையில் வாங்கிய அதே ரப்பர். ரோடும் அதே ரோடு. காலத்தைப் பற்றி நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வண்டி பழையதோ புதியதோ, கீழ்ப்பக்கத்து வேலைக்காகப் பட்டறைக்குப் போனால், பில் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வண்டியை இறக்கி வைத்துத்தானே இறுக்கினீர்கள்?" இல்லை என்றால், இறக்கி வைத்து இறுக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் நீங்களே ஏறி உட்காருங்கள். அதற்கு ஆகும் முக்கால் மணி நேரத்துக்கு, வர்ணத்துக்குக் கொடுப்பது போலவே முகம் சுளிக்காமல் கூலி கொடுங்கள். கிழிந்த பழைய புஷ்ஷையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்த்த பிறகு, குற்றம் யாருடையது என்று பேசலாம்.